கரையை வெட்டியவர்கள்

ஒரே ஒரு சொல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் வேளாண்மை, மீன்பிடித் திட்டங்களின் ஆவணங்களைத் தமிழாக்குவது சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. அவற்றில் இரண்டு வரிக்கு ஒருமுறை 'ரெசிலியன்ஸ்' வந்துவிடும். ரெசிலியன்ட் பயிர், ரெசிலியன்ட் கடற்கரை, ரெசிலியன்ட் குடும்பம். ஒரு கலைச்சொல் பட்டியல் 'மீள்திறன்' என்றது, இன்னொன்று 'தாங்குதிறன்' என்றது. இரண்டும் ஒன்றில்லை. மீள்வது என்றால் விழுந்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து சேர்வது. வெள்ளத்துக்கு முன்பு கழுத்தளவு கடனில் இருந்த குத்தகைக்காரர், வெள்ளம் வடிந்ததும் அதே கழுத்தளவு கடனுக்குத் திரும்புவதை வெற்றி என்று எழுதக் கை வரவில்லை. தாங்குவது என்றால் தூண் மாதிரி நிற்பது. மேலே பாரம் ஏறிக்கொண்டே போகும், தூண் மட்டும் முனகக் கூடாது. வயலில் இருப்பவர்கள் இரண்டையும் சொல்வதில்லை. 'தாக்குப்பிடிக்குமா?' என்றுதான் கேட்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது, அதில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது. ஆனால் ஆவணத்தில் 'மீள்திறன்' என்றே போட்டுக் கொடுத்தேன். மேலிருந்து அதைத்தான் கேட்டார்கள்.

இன்னொன்றும் அந்த வேலையில்தான் கண்ணில் பட்டது. இத்தகைய ஆவணங்களின் பின்னிணைப்பில் அகலமான ஓர் அட்டவணை இருக்கும். நோக்கம், அளவிடும் குறியீடு, சரிபார்க்கும் வழி, கடைசியில் அனுமானம். அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. எனக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் நான் படித்தாக வேண்டும். மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்க உழவர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றில், அனுமானக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'திட்டக் காலத்தில் பெரிய இயற்கைப் பேரிடர் எதுவும் நிகழாது.' வாய்விட்டுச் சிரித்தேன். மழை பெய்யாது என்ற நிபந்தனையோடு குடை விற்கிறார்களே என்று. அதே வரியை அடுத்தடுத்து வேறு ஆவணங்களிலும் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பணத்தைச் செலவழித்து, இத்தனை ஹெக்டேர், இத்தனை 'பயனாளிகள்' என்று கணக்குக் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்குக்கு நிலம் அசையாமல் இருக்க வேண்டும், தண்ணீர் சொன்னபடி கேட்க வேண்டும். தண்ணீருக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தமும் கிடையாது. இந்த உதவிகளில் எது நின்றது, எது கரைந்தது என்று அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல தொழில்நுட்பமா, மோசமான தொழில்நுட்பமா என்பதைவிட ஒரு கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. வந்து சேர்ந்ததை மாற்றவும், வேண்டாம் என்றால் பிரித்துப் போடவும் அங்கே வாழ்கிறவர்களுக்கு உரிமை இருந்ததா?

பெரிய தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு திட்ட ஆவணமாகிவிடும். பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் ஒரு வாக்குறுதி கொடுத்தன. வளரும் நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக. தங்கள் கணக்குப்படியே 2022-இல்தான் அந்த அளவைத் தாண்டினார்கள். அதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்ததில் பெரும்பகுதி கடன். 2024-இல் பாகுவில் நடந்த மாநாட்டில் இலக்கை 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று உயர்த்தினார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆண்டுதோறும் வெளியிடும் இடைவெளி அறிக்கையின்படி, மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கவென்று வளரும் நாடுகளுக்கு வந்த பொதுநிதி 2022-இல் சுமார் 2,800 கோடி டாலர். தேவை அதைப்போலப் பல மடங்கு. உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான பண்ணைகளிலிருந்து வருகிறது. ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் எடுக்கச் சொன்ன ஆய்வின்படி, 2017, 2018 ஆண்டுகளின் காலநிலை நிதியில் சிறு உழவர்களைச் சேர்ந்தது 1.7 விழுக்காடு. எனவே இனி நான் விரிவாகச் சொல்லப் போவதெல்லாம் இந்தத் துளிக்குள் நடப்பவை.

வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையிலிருந்து தொடங்குகிறேன். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவான நிலம் அது. ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும்போது கலங்கல் நீர் வயலுக்குள் வரும், வற்றும்போது மண்ணைப் படியவிட்டுப் போகும். ஜமீன்தார்கள் காலத்தில் அங்கே 'அஷ்டமாசி' கரைகள் இருந்தன. பெயரிலேயே பொருள் இருக்கிறது, எட்டு மாதக் கரை. உப்பு ஏறும் மாதங்களில் தாழ்வான மண்கரை எழுப்பி வயலைக் காப்பார்கள். மழைக்காலத்தில் ஆற்றில் நன்னீர் பெருகியதும் வெட்டிவிடுவார்கள், வண்டல் உள்ளே வரட்டும் என்று. ஒவ்வோர் ஆண்டும் கட்டிப் பிரிக்கும் கரை. எந்தப் பொறியாளருக்கும் அது எரிச்சலூட்டும் ஏற்பாடாகத்தான் தோன்றும்.

தோன்றியது. 1950களின் பெருவெள்ளங்களுக்குப் பிறகு ஐ.நா. குழு வந்து பார்த்தது, அமெரிக்க நிதி வந்தது, 1960களில் கடலோரக் கரைத் திட்டம் நடந்தது. டச்சுக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய 'போல்டர்' என்ற சொல்லும் கூடவே வந்தது. சுற்றிலும் நிரந்தர மண்கரை, அங்கங்கே மதகு, உள்ளே வயல். இப்படி 139 போல்டர்கள் அந்தக் கடலோரத்தில் இருக்கின்றன. முதலில் பலன் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. உப்பு நின்றது, நெல் விளைந்தது, பசி குறைந்தது. அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் யாராவது மதிப்பீடு செய்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் வண்டல் எங்காவது படிந்துதானே ஆக வேண்டும்? வயலுக்குள் போக வழியில்லாத மண் ஆற்றின் அடியில் படிந்தது. ஆறு மேடானது. உள்ளே புது மண் வராத வயல் இறுகித் தாழ்ந்துகொண்டே போனது. ஆறு மேலே, ஊர் கீழே. பெய்த மழை வெளியேற வழியில்லாமல் 1980களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஆண்டு முழுக்கத் தண்ணீரில் நின்றது. பின்னால் அளந்து பார்த்தவர்கள், 32-ஆம் எண் போல்டரின் நிலம் அருகில் கரையில்லாத சுந்தரவனக் காட்டைவிட ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்திருப்பதைக் கண்டார்கள். 2009-இல் அய்லா புயல் அந்தக் கரையை உடைத்தபோது, அந்த ஊர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதத்தில் ஏறி இறங்கின. அந்த இரண்டு ஆண்டுகளில் உடைப்பு வழியே வந்த வண்டல் சாண் கணக்கில் படிந்தது என்பதையும் அளந்தார்கள். இதைப் படித்த அன்று ஆறுதலா வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியாத ஓர் உணர்வு.

அய்லாவுக்கு முன்பே ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். குல்னா பக்கத்தில் பீல் டகாத்தியா என்றொரு பெரும் தாழ்நிலம் (அங்கே தாழ்நிலத்துக்குப் 'பீல்' என்று பெயர்). 1990-இல் மக்கள் திரண்டுபோய்க் கரையை வெட்டினார்கள். சட்டப்படி அது குற்றம். அந்த முயற்சி முழுசாகப் பலிக்கவில்லை. ஆனால் 1997 அக்டோபரில் ஹரி ஆற்றை ஒட்டிய பீல் பைனாவில் மறுபடியும் வெட்டினார்கள். அங்கே நான்கு ஆண்டுகள் ஓதம் உள்ளே வந்து போனது. வண்டல் வயலில் படிந்து நிலம் உயர்ந்தது. தினமும் ஏறி இறங்கிய நீரின் வேகத்தில் ஆற்றின் அடிமண் அரித்துப் போய் ஆறு ஆழமானது. சுற்றுவட்டாரத்தில் தேங்கிய நீர் வடிந்தது. அதே காலத்தில், அதே பகுதியில், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் ஒரு வடிகால் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதன் முதல் வடிவம் மேலும் மதகுகளையும் தடுப்புகளையும்தான் நம்பியது. மக்கள் எதிர்த்தார்கள், ஆய்வுகள் நடந்தன, கடைசியில் ஊர்க்காரர்கள் மண்வெட்டியால் செய்துகாட்டியதைத் திட்டமே ஏற்றுக்கொண்டது. 'ஓதவழி ஆற்று மேலாண்மை' என்று அதற்கு ஆங்கிலத்தில் கம்பீரமான ஒரு பெயரும் சூட்டினார்கள். அஷ்டமாசி என்றே விட்டிருக்கலாம்.

வெளியிலிருந்து வரும் அறிவு எல்லாம் வீண் என்று இதைப் படித்துவிட்டு யாராவது முடிவுகட்டினால் நான் உடன்படமாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த எதிர்க்கதை ஒரு நெல்லுடையது.

ஒடிசாவின் தாழ்நிலங்களில் எஃப்.ஆர்.13ஏ என்று பதிவான ஒரு பழைய நெல் உண்டு. விளைச்சல் சுமார்தான். ஆனால் இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் கிடந்தாலும் சாகாது. சாதாரண நெல் மூழ்கினால் பதறிப்போய் உயர உயர வளரும், இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, நீர் வடியும்போது துவண்டு விழும். இந்த நெல் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, வெளிச்சம் வந்ததும் எழும். 1990களில் அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதன் பின்னால் அலைந்தார்கள். காரணமான மரபணுப் பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை முதலில் கண்டார்கள். டேவிட் மெக்கில், பமீலா ரொனால்ட், கெனாங் சூ ஆகியோரின் குழு 2006-இல் சப்1ஏ மரபணுவை 'நேச்சர்' இதழில் அறிவித்தது. அதை, உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்டுவந்த ஸ்வர்ணா நெல்லுக்குள் மரபணுக் குறிப்பான்களின் துணையோடு வழக்கமான கலப்புமுறையிலேயே கொண்டுவந்தார்கள். 2009-இல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. பதினைந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கிறது. இத்தனை ஆண்டு பொறுத்துப் பணம் போடும் 'மூன்றாண்டுத் திட்டம்' உலகில் கிடையாது. பொது ஆராய்ச்சிக்கென்று தொடர்ந்து வந்த நிதியால்தான் இது முடிந்தது.

அந்த விதையை ஒடிசாவில் ஐந்து கிலோப் பைகளாகக் குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குக் கொடுத்து, கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்து நாள் மூழ்கிய வயலில் பழைய ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் விளைச்சல். மூழ்காத ஆண்டில் இழப்பு எதுவும் இல்லை. இது எதிர்பார்த்ததுதான். அதற்கடுத்த இரண்டு முடிவுகளைத்தான் நான் பலமுறை படித்தேன். ஒன்று, பலன் அதிகம் போய்ச் சேர்ந்தது பட்டியல் சாதி உழவர்களுக்கு. தலைமுறை தலைமுறையாக வெள்ளம் முதலில் ஏறும் பள்ளத்து நிலம்தானே அவர்களுக்கு வாய்த்தது, ஆகவே வெள்ளத்தைத் தாக்குப்பிடிக்கும் விதை அவர்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை. யாரும் அவர்களை 'இலக்குக் குழு' என்று குறிவைக்கவில்லை. இரண்டு, விதை கையில் வந்த உழவர்கள் மற்ற முடிவுகளையும் மாற்றிக்கொண்டார்கள். கூடுதல் நிலத்தில் பயிரிட்டார்கள், உரம் கூட்டினார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள். வெள்ளம் வந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம், வெள்ளம் வராத ஆண்டிலும் அவர்கள் கையைக் கட்டிவைத்திருக்கிறது. அந்தக் கட்டு அவிழ்ந்ததன் ஆதாயம்தான் இது. இங்கே உதவி என்பது ஒரு பை விதை. எங்கே விதைப்பது, எவ்வளவு விதைப்பது, அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதா இல்லையா என்பதெல்லாம் உழவர் கையில். பிடிக்காவிட்டால் அடுத்த பட்டத்தில் பழைய விதைக்கே திரும்பிவிடலாம். போல்டரிலிருந்து அப்படித் திரும்ப முடியாது.

பணத்துக்கும் இதே மாதிரி ஒரு குணம் உண்டு. 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் பெருவெள்ளம் வரப் போகிறது என்று முன்கணிப்பு சொன்னது. வழக்கமாக வெள்ளம் வரும், படம் எடுப்பார்கள், வேண்டுகோள் விடுப்பார்கள், பல வாரம் கழித்து அரிசி வரும். இந்தமுறை ஐ.நா. அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர், உச்ச வெள்ளத்துக்கு முன்னதாகவே விடுவிக்கப்பட்டது. அதில் உலக உணவுத் திட்டம் குடும்பத்துக்கு வங்கதேச நாணயத்தில் 4,500 டாக்கா வீதம், சுமார் 53 டாலர், கைபேசி வழியாக அனுப்பியது. பிறகு ஆய்வு செய்தவர்கள், பணம் கிடைத்த குடும்பங்கள் வெள்ள நாட்களில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கண்டார்கள். 53 டாலர் பெரிய தொகையில்லை. ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போகப் படகுக்கூலி கொடுக்கலாம், நான்கு நாள் உணவு வாங்கி வைக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு வந்தால் அதே தொகை அடைக்க முடியாத ஓட்டையில் போகும். முன்கணிப்பு தப்பாகிப் போனால் பணம் வீணாகிவிடுமே என்று கேட்கிறவர்களை நேரில் சந்தித்திருக்கிறேன். ஏழைக் குடும்பத்தின் கையில் போன 53 டாலர் எப்படி வீணாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடற்கரைக்கு வருவோம். இங்கே வருத்தம்தான் அதிகம். படத்தில் நன்றாக விழும் உதவிகள் கடலோரத்துக்கே அதிகம் போகின்றன. அலையாத்தி என்றும் சொல்லப்படும் கண்டலை நடுவதைவிட அழகான படம் உண்டா? சேற்றில் முழங்காலளவு நிற்கும் மனிதர்கள், வரிசை வரிசையாக நாற்றுகள், ஒரு பலகை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கரைகளில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை கண்டல் நட்டார்கள். ஆண்டுகள் கழித்து 23 இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சாததைக் கண்டார்கள். உருப்படியாக வளர்ந்தது மொத்தம் 200 முதல் 220 ஹெக்டேர். பிலிப்பைன்ஸிலும் கோடிக்கணக்கில் செலவழித்து நட்டவற்றில் நெடுநாள் பிழைத்தது 10 முதல் 20 விழுக்காடு என்று ஆய்வு சொன்னது. காரணம் இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கண்டலில் ரைசோபோரா இனத்தின் நாற்று ஈட்டி போல் நீண்டிருக்கும், பொறுக்கியெடுத்துச் சேற்றில் குத்தினால் நட்டதாகிவிடும். எளிது என்பதால் எல்லாரும் அதையே நட்டார்கள். அலை அடிக்கும் முன்வரிசையில் அதால் நிற்க முடியாது, அந்த இடத்துக்குரிய இனங்கள் வேறு. நிலம் எந்நேரமும் மூழ்கியிருந்தாலும் செத்துப்போகும். ஓதம் ஏறி இறங்கி, இடையில் காய வேண்டும். கண்டல் இயல்பாக வளரக்கூடிய மேட்டுச் சேற்றில் பெரும்பாலும் மீன், இறால் பண்ணைகள் இருந்தன, அவற்றுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். ஆளில்லாத இடமாகப் பார்த்து நட்டார்கள். கண்டலும் இல்லாத இடம் அது என்பதை யாரும் கேட்கவில்லை. அங்கே வலை வீசுகிற எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும், 'இங்கே முளைக்கும் என்றால் இத்தனை காலம் முளைத்திருக்காதா?' என்றிருப்பார்.

அதே பேரலைக்குப் பிறகு படகுகளும் வந்து குவிந்தன. பல இடங்களில் முன்பு இருந்ததைவிட அதிகமான படகுகள், சில கடலுக்கே லாயக்கில்லாதவை. மீன் அதிகமாகவில்லை. படகுதான் அதிகமானது. உலகில் பிடிக்கும் மீனில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறு மீனவர்களுடையது. 2014-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு, சிறு மீன்பிடிக்கென்றே வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் படகு இல்லை, உரிமை. எந்தக் கடலில், எந்தக் கரையில், யார் பிடிக்கலாம் என்பது. பருவநிலை மாறும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கடல் சூடானால் மீன் இடம் மாறும், எல்லைக்கோடு மாறாது. பசிபிக்கின் தீவு நாடுகள் எட்டு, நவுரு உடன்படிக்கை என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, அந்நியக் கப்பல்களுக்குச் சூரை மீன் பிடிக்கும் நாட்களை விற்கின்றன. கிரிபாட்டி போன்ற நாட்டின் அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த உரிமக் கட்டணம். உமிழ்வு இப்படியே போனால் 2050 வாக்கில் சூரை கிழக்கே நகர்ந்து யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்குப் போய்விடும் என்றும், பத்துத் தீவு நாடுகளின் கடலில் பிடிபடுவது சராசரியாக 20 விழுக்காடு குறையும் என்றும் கணித்திருக்கிறார்கள். இதற்கு எந்த நாற்றை நடுவது? அந்த மீன் எங்கே போனாலும் அதன் மேல் இந்த நாடுகளுக்கு இருந்த உரிமை கூடவே போக வேண்டும் என்று பேசி வாங்குவதுதான் இங்கே தேவைப்படும் உதவி. அதற்கு வழக்கறிஞர்களும் கடல் ஆய்வாளர்களும் பல ஆண்டு உட்கார வேண்டும். பலகை வைக்க முடியாது.

சகாராவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட சஹேலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நைஜரில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980களின் தொடக்கத்தில் மரக்கன்று நட்டு நட்டுத் தோற்றார். ஒருநாள் வயலில் களை என்று நினைத்திருந்த புதர்கள், வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள வேரிலிருந்து துளிர்த்தவை என்று உறைத்தது. நடவே வேண்டாம், துளிர்களில் சிலவற்றைக் கழித்துச் சிலவற்றை விட்டால் போதும். ஆனால் உழவர் ஏன் விட வேண்டும்? அப்போதைய சட்டப்படி மரம் அரசாங்கத்துடையது. வளர்த்தவர் கிளையை வெட்டினால் அபராதம். உள்ளூர் வன அதிகாரிகள் அந்த விதியைத் தளர்த்தினார்கள், மரம் உழவருடையது என்று ஆனது. இருபது ஆண்டுகள் கழித்துச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள், ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள். பெரும்பகுதி எந்தத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலிலும் இல்லாத உழவர்களின் வேலை, பார்த்துப் பார்த்துப் பரவியது. 2018-இல் ரினாடோவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் பகிர்ந்துகொண்டவர் பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவின் யகூபா சவடோகோ. இறுகிப்போன நிலத்தில் குழி தோண்டி எருவிட்டு விதைக்கும் பழைய 'ஸாய்' முறையை மாற்றியமைத்துத் தரிசில் காடு வளர்த்த உழவர். குழியை அகலமாக்கியதும், மழைக்கு முன்பே கோடையில் தோண்டியதும் அவர் செய்த மாற்றங்கள். அக்கம்பக்கத்தார் அவரைப் பைத்தியம் என்றார்களாம். திட்ட ஆவணத்தில் இதற்கும் ஒரு சொல் இருக்கும், 'புதுமை காணும் உழவர்' என்று.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது பணத்தின் கதையே மாறிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை முதல் தேதியோடு அந்த உதவியைக் கையாண்ட யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இல்லாமல் போனது. எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-இல் தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பின் இணையதளம் அந்த ஜனவரியிலேயே இருண்டுபோய், சில மாதங்கள் கழித்துத்தான் திரும்பியது. நாற்பது ஆண்டுகளாக மழையையும் சந்தை விலையையும் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. உதவி நிறுவனங்களைக் கேலி செய்து இத்தனை பத்தி எழுதியவன் நான், அன்று எனக்குக் கேலி வரவில்லை. பொதுவாக வெட்டுவிழும்போது முதலில் போவது இப்படிப் படத்தில் விழாதவைதான். முன்கணிப்பு, விதை ஆராய்ச்சி, நிலத்தை அளக்கும் ஆய்வு. கட்டிய கரை மட்டும் அங்கேயே இருக்கும்.

பீல் பைனாவின் கதையை நான் வெற்றியோடு நிறுத்திவிட்டேன், அது முழுக்கதை இல்லை. ஓதத்தை உள்ளே விட வேண்டுமென்றால் அந்தத் தாழ்நிலத்தில் சில ஆண்டுகளுக்கு யாரும் பயிரிட முடியாது. சுற்றுவட்டாரம் முழுக்க நீர் வடியும், ஆனால் விலை கொடுப்பது அந்த ஒரு பீலின் குடும்பங்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த ஆண்டுகளின் விளைச்சலை யாராவது அவர்களுக்கு ஈடுகட்ட வேண்டும். பன்னாட்டு நிதிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்கிறதா? மதகு இல்லை, கான்கிரீட் இல்லை, நான்கைந்து ஆண்டுகளுக்குக் குடும்பங்களுக்கு நெல்லின் விலை. இழப்பீடு என்ற ஏற்பாடு பிற்பாடு வந்தது. தாமதமாக வந்தது, பலருக்கு வரவேயில்லை. 2012-இல் பீல் கபாலியாவில் இதே முறையைத் தொடங்கப் போனபோது, ஊர்க்காரர்களே எதிர்த்து நின்றார்கள். மோதலாகி, வேலை நின்றுபோனது. இழப்பீடு கேட்டுப் போகிறவர் நிலம் தன்னுடையது என்பதற்கான ஆவணங்களைக் காட்ட வேண்டும். தாத்தா பெயரிலேயே இருக்கும் நிலத்துக்கு அந்தத் தாள்களைச் சேர்ப்பதற்குள் ஓதம் பலமுறை ஏறி இறங்கிவிடும். குத்தகைக்கு உழுதவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் கிடையாது.